விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது: ஆன்டிவைரஸ் போட்டால் போதுமா? எதைத் தடுக்கும், எதில் கோட்டை விடும்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்காக அந்த லேப்டாப்கள் மறுநாளே நின்றுவிடவில்லை. வீட்டில், சின்ன ஆபீஸில், டியூஷன் சென்டரில், ஜெராக்ஸ் கடையில் இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

"புது லேப்டாப்புக்கு எதுக்கு செலவு? நல்லதா ஒரு ஆன்டிவைரஸ் போட்டுக்கோங்க, போதும்." இந்த யோசனையை சர்வீஸ் கடையிலோ, நண்பர்களிடமோ நீங்களும் கேட்டிருக்கலாம்.

போதுமா? சுருக்கமான பதில்: போதாது. அதற்காக ஆன்டிவைரஸே தண்டம் என்றும் அர்த்தம் இல்லை. அது ஒரு குறிப்பிட்ட வேலையை நன்றாகச் செய்கிறது. அந்த வேலை எது, எது இல்லை என்று தெரியாமல் வாங்கும்போதுதான் பிரச்னை தொடங்குகிறது. விரிவாகப் பார்க்கலாம்.

ஆன்டிவைரஸ் உள்ளே என்ன செய்கிறது?

உங்கள் கணினிக்குள் வரும் ஒவ்வொரு ஃபைலையும் திறப்பதற்கு முன்னால் நிறுத்தி, 'இது யார்?' என்று கேட்பதுதான் அடிப்படை வேலை. அதைக் கண்டுபிடிக்க இன்றைய ஆன்டிவைரஸ்கள் நான்கு வழிகளைப் பயன்படுத்துகின்றன.

முதலாவது, அடையாளம். ஏற்கெனவே பிடிபட்ட மால்வேர்களின் கைரேகை மாதிரியான ஒரு பட்டியல் இருக்கும். வரும் ஃபைல் அதோடு பொருந்தினால் உடனே தடுத்துவிடும். இரண்டாவது, சாயல். பட்டியலில் இல்லாவிட்டாலும், பழைய மால்வேரின் சாயல் இருந்தால் சந்தேகப்படும்.

மூன்றாவது, நடத்தை. ஃபைல் ஓடத் தொடங்கிய பிறகு அது என்ன செய்கிறது என்று கவனிக்கும். ஒரு புரோகிராம் திடீரென்று நூற்றுக்கணக்கான போட்டோக்களையும் டாக்குமென்ட்களையும் ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கினால், அது ரான்சம்வேர் என்று ஊகித்து நிறுத்தும். நான்காவது, கிளவுட். சந்தேகமான ஃபைல் பற்றிய தகவலை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, உலகில் வேறு எங்காவது இதைப் பார்த்திருக்கிறார்களா என்று சில நொடிகளில் கேட்டுக்கொள்ளும்.

முதல் வழி மட்டும் ஏன் போதாது? ஜெர்மனியைச் சேர்ந்த ஏவி-டெஸ்ட் ஆய்வகம், தினமும் 4.5 லட்சத்துக்கும் அதிகமான புதிய மால்வேர்களையும் தேவையற்ற புரோகிராம்களையும் பதிவு செய்வதாகச் சொல்கிறது. இவற்றில் பெரும்பாலானவை பழைய சரக்கையே புதிய உறையில் போட்டவை. ஆனாலும் பட்டியலைப் பார்த்து மட்டும் பிடிக்க முடியாது என்பதற்கு இந்த எண்ணிக்கையே சாட்சி.

எதில் கெட்டி?

பழக்கமான எதிரியைத் தடுப்பதில் ஆன்டிவைரஸ் உண்மையிலேயே கெட்டி. ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கக் கொடுத்துத் திரும்பி வந்த பென் டிரைவில், ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். இந்த ரகத்தைப் பெரும்பாலும் செருகியவுடனே பிடித்துவிடும். 'இன்வாய்ஸ்' என்ற பெயரில் மெயிலில் வரும் ஃபைல், கிராக் செய்யப்பட்ட சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வரும் டுரோஜன், பலமுறை சுற்றி வந்த ரான்சம்வேர் போன்றவையும் அப்படித்தான்.

நாம் கவனம் தவறும் அந்த ஒரு நொடிக்கு இது நல்ல காப்பீடு. அவசரத்தில் கிளிக் செய்துவிட்டோம் என்றால், அடுத்து ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. அந்தச் சுவரைத் தேவையில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இன்னொரு லாபமும் உண்டு. ஒரு கணினியில் மால்வேர் பிடிபட்டால், அந்தத் தகவல் கிளவுட் வழியாக லட்சக்கணக்கான மற்ற கணினிகளுக்கும் போய்ச் சேர்கிறது. முதலில் மாட்டிக்கொண்டவரைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். அடுத்து வரிசையில் இருப்பவர்களைக் காப்பாற்றும்.

சரி, எங்கே தோற்கிறது?

2014-ஆம் ஆண்டு, நார்ட்டன் ஆன்டிவைரஸை விற்றுவந்த சிமான்டெக் நிறுவனத்தின் மூத்த அதிகாரி பிரையன் டை, 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார். ஆன்டிவைரஸ்கள் சைபர் தாக்குதல்களில் சுமார் 45 சதவீதத்தைத்தான் பிடிக்கின்றன என்றார். விற்பவரே சொன்ன கணக்கு என்பதால் அப்போது அது பெரிய பேச்சானது. அதன் பிறகு நடத்தைக் கண்காணிப்பும் கிளவுடும் நிறைய முன்னேறிவிட்டன. அந்த எண்ணை இன்றைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால், அவர் சுட்டிக்காட்டிய ஓட்டைகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. முக்கியமானவை மூன்று.

*முதல் ஓட்டை: அடைக்கப்படாத கதவு.* 2017 மே 12-ஆம் தேதி பரவத் தொடங்கிய 'வான்னாக்ரை' ரான்சம்வேர் நினைவிருக்கிறதா? 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளை முடக்கியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாயின. ஆந்திர காவல்துறையின் சில கணினிகளும் மாட்டின.

இதில் கவனிக்க வேண்டியது, யாரும் எந்த ஃபைலையும் கிளிக் செய்ய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. விண்டோஸில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி, ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு நெட்வொர்க் வழியாகத் தானே தாவியது. அந்தக் குறையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள். இரண்டு மாதம் கழித்தும் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

விண்டோஸ் 10 விவகாரத்தின் மையமே இதுதான். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸுக்கான மால்வேர் பட்டியலை, விண்டோஸ் 10-க்கும் 2028 அக்டோபர் வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. 'அப்போ இன்னும் மூணு வருஷம் கவலை இல்லை' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. பட்டியல் புதுசாக இருக்கும். ஆனால் விண்டோஸில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் குறைகள் அடைபடாமலே இருக்கும். வாட்ச்மேன் டியூட்டியில் இருப்பார், பின்பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது.

*இரண்டாவது ஓட்டை: முதல் சில மணி நேரம்.* புதிதாக எழுதப்பட்ட மால்வேர் வெளியே விடப்பட்டதற்கும், அது ஆய்வகத்தின் கண்ணில் படுவதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. தாக்குபவர்களும் சும்மா இல்லை. வெளியே விடுவதற்கு முன்பே, பிரபலமான ஆன்டிவைரஸ்களில் தங்கள் சரக்கை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். பிடிபட்டால் மாற்றி எழுதுகிறார்கள். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய ஆன்டிவைரஸை அவர்களும் வாங்கிப் பரிசோதிக்கலாம் அல்லவா?

*மூன்றாவது ஓட்டை: நாம் தான்.* இன்றைக்கு இந்தியாவில் நடக்கும் பெரிய பண மோசடிகள் பலவற்றில் வைரஸே கிடையாது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் மிரட்டி, பயந்துபோனவரே தன் கையால் பணத்தை அனுப்பும்போது, எந்த ஆன்டிவைரஸ் என்ன செய்யும்? ஓடிபியை நாமே போனில் வாசித்துக் காட்டினால் அதைத் தடுக்க சாஃப்ட்வேர் இல்லை. 'கஸ்டமர் கேர்' என்று பேசுபவர் சொல்கிறாரே என்று, கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப்பை நாமே போட்டுக்கொடுத்தால், ஆன்டிவைரஸ் கண்ணுக்கு அது ஒரு சாதாரண, சட்டப்பூர்வமான ஆப்.

போலி பேங்க் வெப்சைட்களை ஆன்டிவைரஸ்கள் ஓரளவு தடுக்கின்றன. அதே வேலையைக் குரோம், எட்ஜ், சஃபாரி மாதிரியான பிரவுசர்களும் இலவசமாகவே செய்கின்றன. புதிதாகத் தொடங்கிய போலி சைட் என்றால் இரண்டுமே தவறவிடலாம்.

வாட்ச்மேனே வீட்டைப் பூட்டிய கதை

ஆன்டிவைரஸ் சரியாக வேலை செய்ய, கணினியின் மூலை முடுக்கெல்லாம் போகும் அனுமதி அதற்கு வேண்டும். சாதாரண ஆப்களுக்கு இல்லாத, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கருவறை வரை செல்லும் அனுமதி. அந்த அனுமதி இருக்கும் சாஃப்ட்வேர் தடுமாறினால் கணினியும் சேர்ந்து விழும்.

2024 ஜூலை 19. இந்திய நேரப்படி காலை சுமார் 9.40 மணிக்கு, அமெரிக்காவின் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. வீட்டு ஆன்டிவைரஸின் பெரியண்ணன் மாதிரி, கார்ப்பரேட் நிறுவனங்களுக்கான பாதுகாப்பு சாஃப்ட்வேர் அது. அப்டேட்டில் பிழை. கணினிகள் வரிசையாக நீலத் திரை காட்டி விழுந்தன. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள். உலகின் விண்டோஸ் கணினிகளில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் விமான நிலையங்கள், வங்கிகள், மருத்துவமனைகள் எல்லாம் திணறின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள்.

பிழையை 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனாலும் விழுந்த கணினிகள் பலவற்றை, ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. ஐடி டீமில் வேலை பார்க்கும் நண்பர் யாராவது இருந்தால், அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

இது முதல்முறையும் இல்லை. 2010 ஏப்ரல் 21-ஆம் தேதி, மெக்காஃபி ஆன்டிவைரஸ் ஒரு தவறான அப்டேட்டால் விண்டோஸ் எக்ஸ்பியின் அத்தியாவசிய ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று முடிவு கட்டியது. கணினிகள் ஓயாமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. அப்போது மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த ஜார்ஜ் கர்ட்ஸ்தான், 2024-இல் கிரவுட்ஸ்டிரைக்கின் தலைமைச் செயல் அதிகாரி.

இன்னொரு ஆபத்து நுணுக்கமானது. சந்தேகமான ஃபைலைப் பிரித்துப் பார்ப்பதே ஆன்டிவைரஸின் வேலை. பிரிக்கும் கத்தியிலேயே குறை இருந்தால்? 2016-இல் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான 'புராஜெக்ட் ஜீரோ', சிமான்டெக், நார்ட்டன் தயாரிப்புகளில் அப்படிப்பட்ட குறைகளை வெளியிட்டது. ஒரு மெயில் வந்து சேர்ந்தாலே போதும். நீங்கள் திறக்காவிட்டாலும், ஆன்டிவைரஸ் அதைச் சோதிக்கும்போதே தாக்குதல் நடக்கலாம் என்ற நிலை. 2017 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஆன்டிவைரஸ் இன்ஜினிலும் இதே ரகக் குறை கண்டுபிடிக்கப்பட்டு, சில நாட்களில் சரிசெய்யப்பட்டது.

கிரவுட்ஸ்டிரைக் சம்பவத்துக்குப் பிறகு, பாதுகாப்பு சாஃப்ட்வேர்களை அந்தக் கருவறைக்கு வெளியிலிருந்தே வேலை செய்ய வைக்கும் முயற்சியை மைக்ரோசாஃப்ட் தொடங்கியிருக்கிறது.

நம்பிக்கை: விலைப்பட்டியலில் இல்லாத விஷயம்

நீங்கள் எந்த சைட்டுக்குப் போகிறீர்கள், எந்த ஃபைலைத் திறக்கிறீர்கள் என எல்லாமே ஆன்டிவைரஸுக்குத் தெரியும். அதைப் பார்க்கத்தான் அதை வைத்திருக்கிறோம். பார்த்ததை அது என்ன செய்கிறது?

அவாஸ்ட் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். உலகம் முழுக்கப் பலர் இலவசமாகப் பயன்படுத்திய ஆன்டிவைரஸ் அது. பயனர்களின் பிரவுசிங் விவரங்களைச் சேகரித்து, 'ஜம்ப்ஷாட்' என்ற துணை நிறுவனம் மூலம் விற்றுவந்தது 2020 ஜனவரியில் ஊடகங்களின் புலனாய்வில் வெளியே வந்தது. அந்த மாதமே ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், அவாஸ்ட் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும், விளம்பரத்துக்காக பிரவுசிங் விவரங்களை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. மற்றவர்கள் உளவு பார்ப்பதைத் தடுப்போம் என்று சொல்லியே விற்கப்பட்ட சாஃப்ட்வேர் என்பதுதான் இதில் முரண்.

காஸ்பர்ஸ்கையின் கதை வேறு. ரஷ்ய நிறுவனமான அதன் தயாரிப்புகள், ஆய்வகச் சோதனைகளில் தொடர்ந்து நல்ல மதிப்பெண் வாங்குபவை. ஆனால் ரஷ்ய அரசின் செல்வாக்குக்கு உட்படலாம் என்ற காரணத்தைச் சொல்லி, 2024 ஜூனில் அமெரிக்கா தன் நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. குற்றச்சாட்டை காஸ்பர்ஸ்கை மறுத்தது. செப்டம்பரில், அமெரிக்கப் பயனர்கள் பலரின் கணினிகளில் காஸ்பர்ஸ்கை தானாகவே நீங்கி, 'அல்ட்ராஏவி' என்ற வேறொரு ஆன்டிவைரஸ் உட்கார்ந்திருந்தது. தாங்கள் கிளிக் செய்யாமலே இது நடந்ததைப் பார்த்துப் பலர் அதிர்ந்துபோனார்கள்.

யார் சரி, யார் தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஆன்டிவைரஸுக்கு நாம் கொடுக்கும் அனுமதி எவ்வளவு பெரியது என்பதை இந்த இரண்டு சம்பவங்களும் காட்டுகின்றன. 'எவ்வளவு பிடிக்கும்?' என்று கேட்பதோடு, 'யார் கையில் சாவியைக் கொடுக்கிறேன்?' என்றும் கேட்க வேண்டும்.

'99.8% பாதுகாப்பு': இந்த எண்ணை எப்படிப் படிப்பது?

ஆன்டிவைரஸ் பெட்டியின் மேல் இருக்கும் மெடல்கள் பெரும்பாலும் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், பிரிட்டனின் எஸ்இ லேப்ஸ் போன்ற ஆய்வகங்களிலிருந்து வருபவை. இவர்களின் அறிக்கைகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். விளம்பரத்தை நம்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் படிக்கும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

• தசம வித்தியாசத்தில் மயங்காதீர்கள். 400 மாதிரிகள் கொண்ட சோதனையில் 99.5% என்றால் 2 தவறியிருக்கிறது, 99.75% என்றால் 1. அந்த ஒன்றை வைத்து 'இது பெஸ்ட், அது வேஸ்ட்' என்று சொல்ல முடியாது. ஒரே சோதனையைப் பார்க்காமல், இரண்டு மூன்று ஆண்டுகளாக எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

• பொய் அலாரம் எத்தனை? எல்லாவற்றையும் வைரஸ் என்று சொன்னால் 100% பிடித்துவிடலாம். ஆனால் அலாரம் சும்மா சும்மா அடித்தால், ஒருநாள் நாமே அதை ஆஃப் செய்துவிடுவோம். ஏவி-டெஸ்ட், பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு வசதி என மூன்றுக்கும் தலா 6 என மொத்தம் 18 மதிப்பெண் தருகிறது. இதில் கடைசியானது முக்கியமாகப் பொய் அலாரங்களைப் பார்க்கிறது.

• வேகம் எவ்வளவு குறைகிறது? 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் இதுதான் தினசரி தலைவலி. சோதனைகள் பெரும்பாலும் நல்ல கணினிகளில் நடப்பவை. டிரையல் போட்டு ஒரு வாரம் உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள்.

• சோதித்ததும் விற்பதும் ஒன்றுதானா? 2015-இல் சீனாவின் சிஹூ 360 நிறுவனம், சோதனைக்கு வேறொரு நிறுவனத்தின் இன்ஜினை இயக்கிய பதிப்பை அனுப்பி, பயனர்களுக்கு அது அணைத்துவைக்கப்பட்ட பதிப்பைக் கொடுத்தது அம்பலமானது. முக்கிய ஆய்வகங்கள் சேர்ந்து அந்த ஆண்டு அதன் சான்றிதழ்களை ரத்து செய்தன.

போனுக்கு ஆன்டிவைரஸ் வேணுமா?

2014-இல் கூகுள் பிளே ஸ்டோரில் 'வைரஸ் ஷீல்டு' என்று ஓர் ஆப் வந்தது. விலை 3.99 டாலர். கட்டண ஆப்களின் பட்டியலில் மேலே ஏறியது. பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: தொட்டால் திரையில் உள்ள பெருக்கல் குறி 'டிக்' குறியாக மாறும். அவ்வளவுதான். வேறு எந்த வேலையும் அது செய்யவில்லை. கூகுள் ஆப்பை நீக்கிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2019-இல் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் 250 ஆண்ட்ராய்டு ஆன்டிவைரஸ் ஆப்களைச் சோதித்தது. பொய் அலாரம் இல்லாமல், மால்வேர்களில் 30 சதவீதத்துக்கும் மேல் பிடித்தவை வெறும் 80. சில ஆப்கள் எதையும் ஸ்கேன் செய்யாமல், ஆப்பின் பெயரைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்தன. அந்த 'நல்லவர்கள்' பட்டியலில் தங்கள் பெயரையே சேர்க்க மறந்துவிட்ட சில ஆப்கள், தங்களையே ஆபத்து என்று அறிவித்த காமெடியும் நடந்தது!

அப்படின்னா போனுக்கு ஆபத்தே இல்லையா? இருக்கிறது. வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை', 'டிராஃபிக் அபராதம்', 'பேங்க் கேஒய்சி' என்ற பெயர்களில் வரும் ஏபிகே ஃபைல்கள்தான் அது. இன்ஸ்டால் ஆனதும் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியையும், திரையை இயக்கும் 'ஆக்சசிபிலிட்டி' அனுமதியையும் கேட்கும். கொடுத்துவிட்டால், ஓடிபியை நீங்கள் சொல்லவே வேண்டாம். அதுவே படித்து அனுப்பிவிடும்.

ஆண்ட்ராய்டில் இருக்கும் 'பிளே புரொடெக்ட்' தான் இங்கே முதல் அரண். பிரவுசர், மெசேஜிங் ஆப் வழியாக வரும் ஏபிகே, இப்படிப்பட்ட அனுமதிகளைக் கேட்டால் தானாகவே தடுக்கும் வசதியை இந்தியாவிலும் சோதனை அடிப்படையில் கொண்டுவருவதாக 2024 அக்டோபரில் கூகுள் அறிவித்தது. மோசடிக்காரர்கள் போனில் பேசிக்கொண்டே 'பிளே புரொடெக்ட்டை ஆஃப் பண்ணுங்க' என்று சொல்வது இதனால்தான். யார் அப்படிச் சொன்னாலும், அந்த நொடியே காலை கட் செய்யுங்கள்.

ஐபோனில் ஓர் ஆப் இன்னோர் ஆப்பை எட்டிப் பார்க்க முடியாதபடி அமைப்பே இருக்கிறது. அதனால் 'ஆன்டிவைரஸ்' என்ற பெயரில் ஆப் ஸ்டோரில் இருப்பவை, மற்ற ஆப்களை ஸ்கேன் செய்வதில்லை. விபிஎன், போலி சைட் தடுப்பு மாதிரியான வேறு சேவைகளைத்தான் தருகின்றன.

பிரவுசிங் நடுவே 'உங்கள் போனில் 5 வைரஸ்கள்!' என்று சிவப்பு எழுத்தில் வந்தால்? அது விளம்பரம், அல்லது வலை. ஒரு வெப் பேஜால் உங்கள் போனை ஸ்கேன் செய்ய முடியாது. மூடிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

இலவசமா, கட்டணமா?

விண்டோஸ் 8 காலத்திலிருந்தே ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. இன்றைய டிஃபெண்டர், ஆய்வகச் சோதனைகளில் கட்டண ஆன்டிவைரஸ்களோடு நெருங்கிப் போட்டி போடுகிறது. கிராக் சாஃப்ட்வேர் பக்கம் போகாத, அப்டேட்களைத் தள்ளிப்போடாத ஒருவரின் விண்டோஸ் 11 லேப்டாப்புக்கு அதுவே போதும். மேக்கிலும் ஆப்பிளின் அடிப்படைப் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது.

கட்டணத்தில் கூடுதலாகக் கிடைப்பவை விபிஎன், பாஸ்வேர்டு மேனேஜர், குழந்தைகளுக்கான கட்டுப்பாடு, பல கருவிகளை ஒரே இடத்தில் பார்க்கும் வசதி, சிக்கல் வந்தால் போன் செய்து கேட்க ஓர் ஆள். கடைசியாகச் சொன்னது, தொழில்நுட்பம் அவ்வளவாகப் பழகாத அப்பா அம்மாவுக்கும், ஐடி ஆள் வைக்க முடியாத சின்ன ஆபீஸுக்கும் உண்மையிலேயே உதவும். பூனேவின் குவிக் ஹீல், சென்னையின் கே7 போன்ற இந்திய நிறுவனங்களும் இந்தச் சந்தையில் இருக்கின்றன. மீதி வசதிகள் உங்களுக்குத் தேவையா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பயன்படுத்தாத விபிஎன்னுக்கு வருஷா வருஷம் பணம் கட்டுவதில் அர்த்தம் இல்லை.

வாங்குபவர்கள் மூன்று விஷயங்களை மறக்க வேண்டாம். முதல் வருட ஆஃபர் விலை வேறு, புதுப்பிக்கும்போது கழியும் விலை வேறு. ஆட்டோ ரினியூவல் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் வேண்டாம், ஒன்றையொன்று சந்தேகப்பட்டு கணினியைத்தான் படுத்தும். டிரையல் முடிந்து காலாவதியானதை அப்படியே விட்டுவைக்காமல் நீக்கிவிடுங்கள். டிஃபெண்டர் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

பணம் கட்டாமலே ஸ்கேன் செய்ய வேண்டுமா? மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017-இல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்தில், கணினியைச் சுத்தம் செய்யும் இலவசக் கருவிகள் இருக்கின்றன.

அப்போ, விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் என்ன செய்யணும்?

செலவு செய்யும் வரிசைதான் முக்கியம். ஆன்டிவைரஸ் அந்த வரிசையில் முதலில் வருவதில்லை.

1. கதவை அடையுங்கள். உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். தகுதி இருந்தால் இலவசமாகவே மாறலாம். இல்லையென்றால், தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை கிளவுடில் பேக்கப் செய்தால் இதற்குக் கட்டணம் இல்லை. பணமாகக் கட்டுவதென்றால் 30 டாலர். இது அவகாசம் மட்டுமே, நிரந்தரத் தீர்வு இல்லை. கணினி ரொம்பப் பழசு என்றால், லினக்ஸ் போட்டு ஓட்டலாம்.

2. பேக்கப் எடுங்கள். ரான்சம்வேர் வந்து எல்லாவற்றையும் பூட்டினாலும், இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் நகல் இருந்தால் மிரட்டலுக்குப் பணிய வேண்டியதில்லை. நகல் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும்.

3. கணக்குகளைப் பூட்டுங்கள். மெயில், பேங்க், சோஷியல் மீடியாவுக்கு வேறு வேறு பாஸ்வேர்டு, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு. பாஸ்வேர்டு திருடு போனாலும் இது தாங்கும்.

4. அதன் பிறகு ஆன்டிவைரஸ். ஏற்கெனவே இருப்பது ஆன் ஆகியிருக்கிறதா, அப்டேட் ஆகிறதா என்று பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள்.

5. பணம் போய்விட்டதா? உடனே 1930-க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

இதில் முதல் மூன்றுக்கும் பெரும்பாலும் பணமே தேவையில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். அதைச் செய்யாமல் நான்காவதற்கு மட்டும் பணம் கட்டுபவர்தான், எல்லா ஆன்டிவைரஸும் இருந்தும் மாட்டிக்கொள்கிறார்.